சந்தை இணைத்த ஊரும் நகரமும் – ஒரு வரலாற்றுப் பார்வை



கிராமத்தாருக்கு நகரத்தின் மீது ஒரு குறை உண்டு. நகரத்தாருக்குக் கிராமத்தின் மீது ஒரு குறை உண்டு. "டவுனுக்குப் போனால் ஏமாற்றி விடுவான்" என்பது ஒரு சாராரின் பேச்சு. "பட்டிக்காட்டான், விவரம் தெரியாதவன்" என்பது மறுசாராரின் பேச்சு. விளைவிப்பவர் ஓரிடத்திலும் உண்பவர் வேறிடத்திலும் வாழத் தொடங்கிய நாள் முதலே இந்த மனத்தாங்கல் இருந்து வந்திருக்கிறது. இவ்விரு சாராரையும் ஒன்றுபடுத்த வேண்டும் என்று மேடைகளில் அழகாகப் பேசப்படுகிறது. ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அவர்கள் உண்மையில் ஒன்றுகூடிய இடம் சந்தையே என்பது புலனாகும். சந்தையில் விலை வெளிப்படையாகவும் தராசு நேராகவும் இருந்த காலங்களில் அவர்கள் நெருங்கினார்கள். விலை மறைக்கப்பட்ட காலங்களில் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். இந்த உண்மையை வரலாற்றின் துணைகொண்டு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை ஏன் நமது ஆண்டு மலரில் எழுத வேண்டும் என்று சிலர் கருதலாம். நமது மேலநீலிதநல்லூர் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். எனினும் மழையை நம்பிய மானாவாரி நிலங்களால் சூழப்பட்ட ஊர். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் உதயமானபோது சங்கரன்கோவில் வட்டமும் அதனோடு சேர்ந்தது. கரிசல் நிலத்தில் பருத்தியும் உளுந்தும் பாசிப்பயறும் மிளகாயும் விளைகின்றன. சங்கரன்கோவிலின் பூச்சந்தை, புளியங்குடியின் எலுமிச்சைச் சந்தை, பாவூர்சத்திரத்தின் காய்கறிச் சந்தை ஆகியவை கேரளம் வரை அறியப்பட்டவை. நம் குடும்பங்களிலோ ஒரு சகோதரர் ஊரில் இருப்பார். ஒருவர் சென்னையிலோ திருப்பூரிலோ இருப்பார். மற்றொருவர் வளைகுடாவில் இருப்பார். நம்மிடையே வாங்கி விற்கும் வியாபாரிகளும் உளர், நிலம் உடையவர்களும் உளர். ஆகவே ஊரும் நகரமும் என்ற இந்தச் செய்தி நம் வீட்டுச் செய்தியே ஆகும்.

பழந்தமிழகத்தின் அங்காடிகள்

சங்க நூல்களில் உமணர் என்ற உப்பு வணிகரைக் காண்கிறோம். கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி, மனைவி மக்களோடு உள்நாட்டுக்கு நெடும்பயணம் சென்றவர்கள் அவர்கள். உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றனர். கடற்கரையாரிடம் நெல் இல்லை. வயல்வெளியாரிடம் உப்பு இல்லை. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொண்டிருந்தமையே இருவருக்கும் இடையே பாலமாயிற்று.

மதுரையில் பகலில் கூடிய நாளங்காடியையும் இரவில் கூடிய அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விவரிக்கிறது. சிலப்பதிகாரம் தரும் செய்தி இன்னும் சிறப்பானது. புகார் நகரம் கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கம் என்றும், உட்பகுதியான பட்டினப்பாக்கம் என்றும் இரண்டாகப் பிரிந்திருந்தது. கைவினைஞர்களும் அயல்நாட்டு வணிகர்களும் ஒரு பக்கம்; அரசரும் பெருங்குடியினரும் மறுபக்கம். இவ்விரண்டிற்கும் நடுவே, மரங்கள் அடர்ந்த சோலையில் நாளங்காடி கூடியது என்று இளங்கோவடிகள் தெரிவிக்கிறார். இரு பகுதியாருக்கும் பொதுவான நிலமாக அமைந்தது அந்த அங்காடிதான். அதே நகரின் வணிகர்களை, வாங்குவதிலும் விற்பதிலும் அளவு தவறாதவர்கள் என்று பட்டினப்பாலை புகழ்கிறது. இருவரும் கூடும் இடம் இருந்தால் மட்டும் போதாது, அங்கே அளவும் நேராக இருக்க வேண்டும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

பிற்காலத்தில் கோட்டைக்கும் நகருக்கும் வெளியே வணிகர்கள் வண்டி அவிழ்த்துத் தங்கிய இடங்கள் பேட்டைகள் எனப் பெயர் பெற்றன. திருநெல்வேலியின் பேட்டை அவ்வகையில் பெயர் பெற்ற ஊராகும். பழைய இராமநாதபுரம் மாவட்டப் பகுதிகளில் நாடார் வணிகர்கள் தம் வண்டிகளையும் சரக்குகளையும் காக்கப் பேட்டைகளை ஏற்படுத்தினார்கள். அங்கு வந்து போகும் சரக்கின் மீது 'மகமை' என்ற சிறுதொகையைப் பொதுநிதியாகச் சேர்த்தார்கள். அந்நிதியே விருதுநகரில் 1889ஆம் ஆண்டு ஒரு பள்ளிக்கூடத்தை எழுப்பியது. நேர்மையாக நடந்த சந்தை, ஊரின் கல்விக்கும் வழி திறந்தது என்பதற்கு இதனைவிடச் சான்று தேவையில்லை.

நமக்கு மிக அருகில் உள்ள சான்று மேலப்பாளையம். அங்கு செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் கால்நடைச் சந்தை தென்மாவட்டங்கள் எங்கும் அறியப்பட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது சுற்றுக் கிராமங்களின் ஆடு வளர்ப்போர் அங்கே திரளுகின்றனர். ஓராண்டு காலம் மேய்ச்சல் நிலத்தில் அலைந்து ஆட்டை வளர்த்தவர் ஒரு சமயத்தவராக இருப்பார். குர்பானிக்காக அதனை வாங்குபவர் மற்றொரு சமயத்தவராக இருப்பார். அவருடைய வாழ்வாதாரமும் இவருடைய வணக்கமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

மதீனாவின் சந்தை தரும் படிப்பினை

மக்கா வணிகர்களின் நகரம். மதீனாவோ பேரீச்ச மரங்கள் நிறைந்த விவசாயப் பூமி. அதனைச் சுற்றிலும் பாலைவனத்தில் கால்நடை வளர்ப்போர் வாழ்ந்தனர். ஹிஜ்ரத்திற்குப் பின் இம்மூவகை மக்களும் ஓரிடத்தில் வாழ வேண்டியதாயிற்று. மதீனாவில் பள்ளிவாசலை அமைத்த நபி (ஸல்) அவர்கள், முஸ்லிம்களுக்கெனத் தனியே ஒரு சந்தையையும் ஏற்படுத்தினார்கள் என்றும், அதில் எந்த வரியும் விதிக்கப்படலாகாது என்று அறிவித்தார்கள் என்றும் அறிவிப்புகளில் காண்கிறோம்.

அன்றைய நகர வணிகர் சிலர் ஒரு தந்திரத்தைக் கையாண்டு வந்தனர். கிராமத்திலிருந்து சரக்கு வரும் செய்தி அறிந்ததும் ஊருக்கு வெளியே சென்று, சந்தை விலையை அறியாத அந்தக் கிராமவாசியிடம் மலிவாக வாங்கி விடுவார்கள். இதனை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அவ்வாறு யாரேனும் வாங்கிவிட்டாலும், சரக்கின் உரிமையாளர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின் அந்த விற்பனையை முறித்துக்கொள்ள உரிமை பெறுவார் என்றும் தீர்ப்பளித்தார்கள். கிராமவாசியின் பொருளை நகரவாசி விற்றுக் கொடுப்பதையும் தடுத்தார்கள். நகரவாசி அவருக்குத் தரகராக இருக்கலாகாது என்பதே இதன் பொருள் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கமளித்துள்ளார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றி விடுவதும், விலை ஏறட்டும் எனப் பதுக்கி வைப்பதும் தடுக்கப்பட்டன. இத்தடைகள் அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே: விளைவித்தவர் விலையை அறிந்து விற்க வேண்டும்.

இது கிராமவாசிக்கு மட்டும் சலுகை தரும் சட்டமன்று. ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததாக உரிமையாளர் கூறினார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரை வன்மையாகக் கண்டித்தார்கள். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஒரே நீதி. அளவையில் மோசடி செய்வோரின் பெயராலேயே 'அல்முதஃப்ஃபிஃபீன்' என்ற அத்தியாயம் திருக்குர்ஆனில் 83ஆவதாக அமைந்திருப்பதை நாம் அறிவோம்.

இங்கே ஸாஹிர் இப்னு ஹராம் (ரலி) அவர்களை நினைவுகூர்வது பொருத்தமாகும். அவர் பாலைவனத்தைச் சேர்ந்த எளிய மனிதர். அழகற்றவர் என்று கருதப்பட்டவர். மதீனாவுக்கு வரும்போதெல்லாம் தம் பகுதியில் கிடைக்கும் பொருளை நபி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டு வருவார். அவர் திரும்பும்போது நபியவர்கள் நகரத்துப் பொருள்களைக் கொடுத்தனுப்புவார்கள். அவர் தமக்குக் கிராமம் என்றும் தாம் அவருக்கு நகரம் என்றும் அன்புடன் சொல்வார்கள். ஒருநாள் அவர் சந்தையில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தபோது நபியவர்கள் பின்னாலிருந்து அவரை அணைத்துக்கொண்டு, இந்த அடிமையை வாங்குவோர் யார் என்று விளையாட்டாகக் கேட்டார்கள். தாம் விலைபோகாத பொருள் என்று அவர் சொல்லிக்கொண்டபோது, அல்லாஹ்விடம் அவர் விலைமதிப்புள்ளவர் என்று பதிலளித்தார்கள். நகரத்திற்குள் காலடி வைத்ததும் தன்னை மலிவாக எண்ணிக்கொள்ளும் கிராமத்து மனிதரின் உள்ளத்தை இந்நிகழ்ச்சி எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது! அந்த எண்ணத்தைப் போக்கிய அணைப்பும் ஒரு சந்தையில்தான் நிகழ்ந்தது.

பருத்தியும் துண்டு மூடிய விலையும்

இனி நமது கரிசல் பூமிக்கு வருவோம். திருநெல்வேலிப் பருத்திக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் சந்தையில் தனிப்பெயரே இருந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. நம் முன்னோர் கண்ணால் கண்டிராத ஒரு நாட்டின் போர், அவர்கள் வீட்டு அடுப்பில் எரியும் நெருப்பைத் தீர்மானித்தது. 1876இல் தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. பாபநாசம் அருகே விக்கிரமசிங்கபுரத்திலும் தூத்துக்குடியிலும் நூற்பாலைகள் எழுந்தன. 1927இல் விருதுநகர் – தென்காசி இரயில் பாதை திறக்கப்பட்டபோது சங்கரன்கோவிலும் இரயில் நிலையம் பெற்றது. சரக்கு விரைவாகச் சென்றது. விலை பற்றிய செய்தி மட்டும் விவசாயிக்கு வந்து சேரவில்லை.

விதைக்கவும் வீட்டுச் செலவுக்கும் முன்பணம் வாங்கிய விவசாயி, விளைச்சலை அந்த வணிகருக்கே கொடுக்கக் கடமைப்பட்டார். விலையோ துண்டுக்குள் பேசப்பட்டது. வாங்குபவரும் தரகரும் ஒரு துண்டை மூடிக்கொண்டு, விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கம் மாட்டுச் சந்தைகளில் இன்றும் உண்டு. பொருளுக்கு உரியவர் அருகில் நின்றும் தம் பொருளின் விலை பேசப்படுவதை அறியமாட்டார். இதற்கு மேல் எடைக்கூலி, தரகு, கழிவு, மாதிரி என்று எத்தனையோ பிடித்தங்கள். மறுபக்கத்தில், பருத்தியில் நீர் தெளித்து எடை கூட்டுகிறார்கள், மட்டப் பருத்தியைக் கலக்கிறார்கள் என்று ஆலைக்காரர்களும் குறை கூறினர். ஏமாற்றப்பட்டவர் திருப்பி ஏமாற்றக் கற்றுக்கொண்டார். கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே இருந்த அவநம்பிக்கை இவ்வாறுதான் வேர்விட்டது.

இதனைத் திருத்தும் முயற்சி இந்தியாவில் பருத்தியிலிருந்தே தொடங்கியது. பேரார் பகுதியில் உள்ள கரஞ்சாவில் 1886ஆம் ஆண்டு ஒழுங்குபடுத்தப்பட்ட பருத்திச் சந்தை ஏற்பட்டது. 1928இல் அறிக்கை வழங்கிய வேளாண்மைக்கான அரசக் குழு, இத்தகைய சந்தைகளை எங்கும் நிறுவ வேண்டும் எனப் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் 1933ஆம் ஆண்டு வணிகப்பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டு, 1936இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் தொடங்கியது. இன்றும் அக்கூடங்களில் வியாபாரிகள் தத்தம் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுவர். பிறகு அனைவர் முன்னிலையிலும் சீட்டுகள் பிரிக்கப்பட்டு, உயர்ந்த விலை அறிவிக்கப்படும். அவ்விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி தம் சரக்கை விற்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மதீனாவின் சந்தையில் விற்பனையை முறிக்க அளிக்கப்பட்ட உரிமையை இங்கே நினைத்துப் பார்ப்பது தகும்.

அளவைகளிலும் சீர்திருத்தம் வந்தது. படி, மரக்கால், கோட்டை என்பவை ஊருக்கு ஊர் மாறுபட்டன. ஓர் ஊரின் மரக்காலை மற்றோர் ஊரார் நம்பவில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடு முழுவதும் கிலோவும் லிட்டரும் நடைமுறைக்கு வந்தபோது, கிராமத்தாரும் நகரத்தாரும் ஒரே அளவையில் பேசும் வாய்ப்பு முதன்முறையாகக் கிட்டியது.

உழவர் சந்தை

ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் விவசாயியையும் வியாபாரியையும் சந்திக்க வைத்தது. விளைவித்தவரும் உண்பவரும் நேருக்கு நேர் சந்திக்க மேலும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1987ஆம் ஆண்டு பஞ்சாபில் 'அப்னி மண்டி' என்ற பெயரில் விவசாயிகளின் நேரடிச் சந்தை தொடங்கியது. 1999 ஜனவரியில் ஆந்திர மாநிலம் 'ரைத்து பஜார்' தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். அடுத்த ஒன்றரை ஆண்டுகளுக்குள் நூறு உழவர் சந்தைகள் எழுந்தன. பாளையங்கோட்டை மகாராஜநகரில் அமைந்த சந்தை நம்மில் பலர் அறிந்ததே.

அதன் நடைமுறையைச் சற்று உற்று நோக்குவோம். விவசாயி தம் நிலத்தையும் பயிரையும் காட்டி அலுவலர்களிடம் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை பெறுகிறார். கடைக்கு வாடகை இல்லை. தராசு சந்தையிலேயே வழங்கப்படுகிறது. ஆகவே எடையைப் பற்றிய சந்தேகத்திற்கு இடமில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அலுவலர்களும் விவசாயிகளும் கலந்து விலையைத் தீர்மானிக்கின்றனர். மொத்த விலையைவிட மேலாகவும் வெளிச்சந்தைச் சில்லறை விலையைவிடக் கீழாகவும் அது அமையும். அந்த விலை பெரிய பலகையில் எழுதப்பட்டு, வருவோர் எவரும் படிக்கும்படி வைக்கப்படுகிறது. துண்டுக்குள் மறைந்திருந்த விலை, பலகைக்கு ஏறியது! விற்பவருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. வாங்குபவருக்குக் குறைவாகச் செலவாகிறது. ஒருவருடைய இலாபம் மற்றவருடைய நட்டமாக வேண்டியதில்லை என்பதை அந்தப் பலகை நாள்தோறும் அறிவிக்கிறது.

சந்தைப் பொருள்களுக்கு விலை நிர்ணயிக்கலாமா என்ற மார்க்க வினா இங்கு எழலாம். மதீனாவில் விலையேற்றம் ஏற்பட்டபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டனர். நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. அந்த விலையேற்றம் எவருடைய சூழ்ச்சியாலும் விளைந்ததன்று என்று அறிஞர்கள் விளக்குகின்றனர். வணிகர்கள் கூடிச் சூழ்ச்சி செய்து விலையைக் கெடுக்கும்போது நியாய விலையை ஆட்சியாளர் வலியுறுத்தலாம் என்று 1328இல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். இரு தரப்பாருக்கும் அநீதி நேராமல் காப்பதே நோக்கம் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

உழவர் சந்தை குறையற்றது என நாம் கூறவில்லை. 2001இல் ஆட்சி மாறியபோது பல சந்தைகள் கவனிப்பாரின்றிச் சோர்ந்தன. 2006இல் மீண்டும் உயிர் பெற்றன. இன்று தமிழகத்தில் 180க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் உள்ளன. சில இடங்களில் வியாபாரிகளே விவசாயி என்ற பெயரில் அமர்ந்துவிடுகிறார்கள் என்ற குறைபாடு நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. மேலும், நகரத்திற்கு அருகில் கிணற்றுப் பாசனத்தில் காய்கறி பயிரிடுவோருக்கே இது பெரிதும் பயன்படுகிறது. உளுந்தும் பருத்தியும் விளைவிக்கும் நம் மானாவாரி விவசாயிக்கு இதனால் கிடைக்கும் பயன் சிறிதே.

ஆயினும் 2020ஆம் ஆண்டில் இதன் அருமை விளங்கியது. மார்ச் 25 முதல் நாடு முடங்கியது. மே மாதத் தொடக்கத்தில் சென்னையின் கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டது. நகரத்தார் காய்கறிக்குத் தவித்தனர். கிராமத்தாரின் காய்கறியோ வயலிலேயே அழுகியது. அப்போது பல ஊர்களில் பேருந்து நிலையங்களும் மைதானங்களும் சந்தைகளாக மாறின. விளைவிப்பவரின்றித் தன்னால் ஒரு வாரமும் இருக்க இயலாது என்பதை நகரம் உணர்ந்தது. தன் விளைச்சலுக்கு நகரமே வாசல் என்பதைக் கிராமமும் உணர்ந்தது.

பால் கற்பித்த பாடம்

தொலைவில் உள்ள நகரத்தோடும் ஒரு கிராமம் நேர்மையான உறவு கொள்ள முடியும் என்பதற்குக் குஜராத் மாநிலத்தின் ஆனந்த் நகரம் சான்று. கேடா மாவட்டத்துக் கிராமங்களின் பால் பம்பாய் நகரத்திற்குச் சென்றுகொண்டிருந்தது. நகரத்தார் கொடுத்த விலையில் பெரும்பகுதி இடையிலேயே நின்றுவிட்டது. விவசாயிகள் பால் கொடுப்பதை நிறுத்திப் போராடினர். திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் 1946 டிசம்பரில் கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. அதுவே பின்னாளில் அமுல் என உலகறிந்தது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது அம்முறை நாடெங்கும் பரவியது. தமிழகத்தில் ஆவின் அவ்வழியில் வந்ததாகும்.

அதன் உயிர்நாடி எது? கிராமத்துச் சங்கத்தில் பால் ஊற்றியவரின் கண்முன்னே அளவு பார்க்கப்படுகிறது; கொழுப்புச் சத்து சோதிக்கப்படுகிறது; சத்திற்கேற்ப விலை கணக்கிடப்படுகிறது. ஒரு மாடு வைத்திருக்கும் விதவைத் தாய்க்கும் பத்து மாடு வைத்திருக்கும் செல்வந்தருக்கும் ஒரே சோதனை, ஒரே கணக்கு. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பாலை வாங்குபவரும் அதன் தரத்தை நம்புகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நேர்மையான அளவையே அவர்களுக்கிடையே அறிமுகமாக நின்றது.

நாம் செய்யத்தக்கவை

புகாரின் நாளங்காடி முதல் உழவர் சந்தை வரை நாம் கண்டவற்றில் மூன்று செய்திகள் மாறாமல் இருக்கின்றன. விலை இருவருக்கும் தெரிய வேண்டும். எடை இருவர் கண்முன்னும் நடக்க வேண்டும். பணம் தாமதமின்றிச் சேர வேண்டும். இம்மூன்றும் இருந்த இடத்தில் ஊரும் நகரமும் உறவாயின. இவற்றில் ஒன்று குறைந்தாலும் உறவு குலைந்தது.

இதனை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வியாபாரச் சகோதரர்கள், விவசாயியின் முன்னிலையிலேயே எடைபோட்டு, அன்றைய விலையையும் பிடித்தங்களையும் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். "அடுத்த வாரம் வா" என்று சொல்லாமல் அன்றே பணத்தைக் கொடுக்கட்டும். பேருந்து ஏறி வந்த ஏழை விவசாயி, வெறுங்கையோடு மீண்டும் பேருந்து ஏறுவது நம் கடைவாசலில் நிகழலாகாது. விற்கும் சகோதரர்களும் மேலே நல்லதை அடுக்கி அடியில் அழுகலை வைக்கும் வழக்கத்தை விட்டொழிக்கட்டும்.

வலீமா விருந்துகளுக்கும் ரமளான் மாத நோன்புக் கஞ்சிக்கும் ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாகக் காய்கறியும் பருப்பும் வாங்குகிறோம். சுற்றுக் கிராமங்களில் விளைவிப்போரிடம், அவர் எந்தச் சமயத்தவராயினும், முன்கூட்டியே சொல்லி வைத்து நியாயமான விலைக்கு நேரடியாக வாங்கலாமே! குர்பானி ஆடு வாங்கும்போது, ஓராண்டு உழைத்தவரின் அவசரத்தைப் பயன்படுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்பது வணக்கத்தின் நோக்கத்திற்கே மாறானதாகும்.

நகரங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தையர் உழுத நிலம் இன்று சீமைக் கருவேலம் மண்டித் தரிசாகக் கிடக்கலாம். அதனை உழைக்க விரும்பும் ஒருவரிடம் நியாயமான ஒப்பந்தத்தில் ஒப்படையுங்கள். நிலமும் பயன்பெறும், ஊரில் ஒரு குடும்பம் ஊரிலேயே வாழும். விடுமுறைக்கு வரும் உங்கள் பிள்ளைகளை ஒருநாள் சந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள். உண்ணும் உணவு எவருடைய வியர்வை என்பதை அவர்கள் நேரில் காணட்டும். 'பட்டிக்காட்டான்' என்ற சொல் நம் இல்லங்களில் ஒலிக்க வேண்டாம்.

இவற்றை நாம் செய்யத் தவறினால் விளைவு என்னவாகும் என்பதை நம் கண்களே காண்கின்றன. உழுதவரின் மகன் உழவை வெறுத்து ஊரைவிட்டு வெளியேறுகிறான். விளைநிலம் மனையாகிறது. கிராமம் முதியோர் மட்டும் வாழும் இடமாகிறது. நகரமோ தன் உணவு எங்கிருந்து வருகிறது என்பதையே அறியாமல் வாழ்கிறது. உறவு அறுந்த இடத்தில் சந்தேகம் குடியேறும். அந்தச் சந்தேகம் சமயத்தின் பெயராலும் சாதியின் பெயராலும் தூண்டிவிடப்படும்போது, அதனைத் தடுக்க நீண்டகால நம்பிக்கையைத் தவிர வேறு காவல் இல்லை. அந்த நம்பிக்கை மேடையில் பேசி ஒரே நாளில் வருவதன்று. தராசின் முன்னே நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்வது.

கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், நம்மைச் சூழ வாழும் மக்கள் அனைவரோடும் நல்லுறவையும், நம் ஊருக்குச் செழிப்பான மழையையும் வல்ல ரஹ்மான் நமக்கு வழங்கியருள்வானாக. ஆமீன்.